ஞானஸ்நானம் கொடுக்க மாட்டேன் என்றேன்

நாத்திகர்களிடம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று போன வாரக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார். கையில் பேனா திறந்தபடி இருந்தது. நான் வரிசையாகச் சொல்வேன், குறித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார், பாவம். நேரமாகிவிட்டது, எழுதி அனுப்புகிறேன் என்று அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் வரிசையாக எதுவும் வரவில்லை. ஒரு கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதையே எழுதுகிறேன். ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசியாக நான் போதகராக இருந்தது வடசென்னை எர்ணாவூரில். சின்னச் சபை. வாசலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பிரசங்கத்தின் நடுவே ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டு, ஓய்ந்ததும் தொடர வேண்டும். என் பிரசங்கங்கள் சுருக்கமாக இருக்கக் காரணம் அந்த டிரைவர்கள்தான் என்று சபையார் அவர்களுக்கு நன்றியோடு இருந்தார்கள்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி எஸ்தரம்மா. கணவர் இறந்த பிறகு கன்டெய்னர் யார்டு வாசலில் லாரி டிரைவர்களுக்கு இட்லி விற்று, ஒரே மகன் டேனியலைப் படிக்கவைத்தவர். டேனியல் இப்போது கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான்; ஆனாலும் அவர் இட்லிக் கடையை விடவில்லை. எஸ்தரம்மா ஜெபித்தால் மைக் வேண்டாம். அவர் குரலுக்கு ஹாரனே ஓய்ந்துவிடும்.

ஒருநாள் அவர் முகமெல்லாம் பல்லாக, நான் குடியிருந்த குருமனைக்கு வந்தார்.

"பாஸ்டரம்மா, நம்ம டேனியலுக்குப் பொண்ணு கெட்ச்சிருச்சு! அவனே பாத்துகினான், நான் இன்னா பண்றது? பொண்ணு தங்கம். கயல்விழின்னு பேரு. ஒரே ஒரு விசயம்தான். அவுங்க அப்பா கருப்புச் சட்டக்காரரு. சாமியே கெடையாதுன்னு மேடை போட்டுப் பேசுறவரு. ஆனா பொண்ணு ஞானஸ்நானத்துக்கு ஒத்துகிச்சு. இந்த ஞாயித்துக்கெழம குட்த்துட்டீங்கன்னா, அப்டியே கல்யாண அறிவிப்ப வாசிச்சுரலாம்."

எங்கள் சபை முறைப்படி ஆலயத்தில் கல்யாணம் நடக்க இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அதனால்தான் இந்த அவசரம். பெண்ணிடம் கொஞ்சம் பேச வேண்டும், அனுப்பிவையுங்கள் என்றேன்.

கயல்விழி மறுநாளே வந்தாள். ஏற்றுமதி ஏஜென்டு அலுவலகம் ஒன்றில் வேலை. கலகலப்பான பெண். என் புத்தக அலமாரியை ஒரு நோட்டம் விட்டு, "இவ்ளோவும் ஒரே ஆளப் பத்தியா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"கயல், ஒண்ணு கேக்குறேன். நீ இயேசுவை நம்புறியாம்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. "உண்மையச் சொல்லவா? இல்ல. நல்லவர்னு நினைக்கிறேன். கடவுள்னு தோணல. ஆனா டேனியல நம்புறேன். அத்தை இதுக்காக அவ்ளோ ஆசைப்படுறாங்க. தண்ணிதானே மேடம், ஊத்துனா ஊத்திட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு முடிந்ததும் என் முன்னால் ஒரு கேள்வி நின்றது. ஞானஸ்நானத்தின்போது நான் அவளைப் பார்த்து, விசுவாசிக்கிறாயா என்று கேட்க வேண்டும். சபை முழுவதும் கேட்க அவள் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"என்னால குடுக்க முடியாதும்மா," என்றேன். "உனக்கு ஒண்ணும் கொறையாம இருக்கலாம். எனக்குக் கொறையும். பொய் சொல்ல வெச்சு உன்னை எங்க வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலாகக் கண் நிறைந்துவிட்டது. "அப்பாகிட்ட இன்னும் சொல்லல மேடம். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சாப்பாடே எறங்கல," என்றாள். துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அத்தைகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

நான்தான் சொன்னேன். எஸ்தரம்மா போட்ட சத்தம் எர்ணாவூரில் பாதிப் பேருக்குக் காதில் விழுந்திருக்கும்.

"இன்னா பாஸ்டரம்மா இது அநியாயமா கீது! வர்ற பொண்ண வாணாம்னு தொரத்துற பாஸ்டர நான் இன்னிக்குதான் பாக்குறேன்!"

எஸ்தரம்மாவின் கோபத்தையாவது தாங்கலாம். சபைச் செயலாளர் அமைதியாகப் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மா, நம்மில் எத்தனை பேர் முழுசா நம்பிட்டு உள்ள வந்தோம்? முதல்ல உள்ள வரட்டும். நம்பிக்கை மெதுவா வரும். நீங்க வாசலிலேயே நிறுத்தினா அந்த ஆத்துமாவுக்கு யார் பொறுப்பு?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறை நம்பிக்கையோடு வந்து பிறகு தூணாக நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் அது என்னை அரித்தது. கடைசியில் ஒன்று தெளிவாயிற்று. அரைகுறை நம்பிக்கையோடு வருகிறவர் ஒரு அடி எடுத்து வைக்கிறார். இந்தப் பெண் அடியே எடுக்கவில்லை. நாம்தான் தூக்கி உள்ளே வைக்கப் பார்க்கிறோம். பொய்யான ஆமாமைவிட உண்மையான இல்லையை ஆண்டவர் மதிப்பார் என்று நான் நம்பினேன். செயலாளரிடமும் அதையே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அறிவழகன் வந்தார். கயல்விழியின் அப்பா. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ டீக்கடையில், "உன் பொண்ணுக்கு ஞானஸ்நானமாமே" என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு நேராக என் வாசலுக்கு ஸ்கூட்டரை விட்டிருக்கிறார். தேய்த்த கருப்புச் சட்டை, வெள்ளை வேட்டி. படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர் ஐயா இல்லையா?"

"நான்தான் பாஸ்டர்."

ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளையவா வெச்சிருக்காங்க? பரவால்லியே, அது ஒண்ணு உருப்படியா பண்ணிகீறாங்க," என்றார். பிறகு எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்து, தொண்டையைச் செருமி, மேடைத் தமிழுக்கு மாறினார்.

"அம்மையாரே! ஒரு பெண்ணின் சிந்திக்கும் உரிமையைத் தண்ணீர் தெளித்துப் பறித்துவிடலாம் என்று எண்ணுகிற உங்கள் மதம்..."

"தண்ணி தெளிக்க மாட்டேன்னு நான் சொல்லி நாலு நாள் ஆச்சுங்க. பொண்ணு சொல்லலையா?"

அவர் வாய் திறந்தபடியே நின்றது. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு. மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். எனக்கே பாவமாக இருந்தது. "உள்ள வாங்க. மீதியையும் உக்காந்தே பேசுங்க. மோர் தரேன்," என்றேன்.

உட்கார்ந்தார். மோரைக் குடித்தார். "ஏன் மாட்டேன்னீங்க?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"அவ நம்பலை. நம்புறேன்னு பொய் சொல்ல வைக்க எனக்கு மனசில்லை."

"அப்ப உங்களுக்கு ஆள் சேக்க வாணாமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒருவர் கேட்கும்போது, எங்களுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை என்று சொல்லி நல்ல பெயர் வாங்கத் தோன்றும். அதுவும் பொய்தான். நான் உள்ளதைச் சொன்னேன்.

"வேணும். உங்க பொண்ணு நம்பினா எனக்கு ரொம்ப சந்தோஷம். நீங்களே வந்தாலும் சந்தோஷம். ஆனா அவங்கவங்க கால்ல நடந்து வரணும்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "நான் வர மாட்டேன். முட்டி வலி."

அன்றைக்கு நாங்கள் நெடுநேரம் பேசினோம். முதலில் அவரைத்தான் கேட்டேன். எப்போதிலிருந்து சாமி இல்லை என்றானது என்று. சின்ன வயதில் சொந்த ஊரில் அவருடைய அப்பா தேர் வடத்தைப் பிடிக்கப் போனாராம். நீ தொடாதே என்று கூட்டத்துக்கு நடுவே பிடித்துத் தள்ளிவிட்டார்களாம். "எங்கப்பா எழுந்து வேட்டிய உதறிகினு வூட்டுக்கு வந்தாரு. அன்னிக்கே எங்க வூட்ல சாமி போச்சு. உங்க சபைல சாதி இல்லியா, சொல்லுங்க?"

"இருக்கு," என்றேன். "கல்லறையில கூடப் பிரிச்சு வெச்ச ஊர் இருக்கு. சொல்லவே வெக்கமா இருக்கு. என் ஆண்டவர் அதுக்குப் பொறுப்பில்லை. நாங்கதான் பொறுப்பு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் எதிர்வாதம் செய்வேன் என்று காத்திருந்தவர்போல இருந்தது. "சரி, நீங்க ஏன் நம்புறீங்க? புத்தகத்துல கீறது வாணாம். நீங்க சொல்லுங்க," என்றார்.

கொருக்குப்பேட்டையில் நான் வளர்ந்த வீட்டைச் சொன்னேன். அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். ஒருநாள் குடிக்காமல் வந்தார். எங்கள் எல்லோர் முன்பும் அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். என்ன ஆயிற்று என்று அம்மா பயந்துபோய்க் கேட்டதற்கு, இயேசு என்னை மன்னித்துவிட்டார், இனிமேல் உன்னை அடிக்க என்னால் முடியாது என்றார். சாகும்வரை அடிக்கவில்லை. "கடவுளைப் பத்தி நான் படிச்சதெல்லாம் அப்புறம்தாங்க. மொதல்ல பார்த்தது அதைத்தான்."

அறிவழகன் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு, "மனுசன் தானாவே திருந்தியிருப்பாரு. அந்தப் பெருமைய எதுக்கு இன்னொருத்தருக்குக் குடுக்குறீங்க?" என்றார்.

"இருக்கலாம். நீங்க அப்படிப் பார்க்கறீங்க. நான் அந்த வீட்டுக்குள்ள இருந்தேன்."

"இத இல்லன்னு நிரூபிக்க முடியாது."

"இருக்குன்னும் என்னால நிரூபிக்க முடியாது. கேட்டீங்க, சொன்னேன்."

அவர் எழுந்தார். ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "புள்ளைங்க விருப்பம்தான் எனக்கு முக்கியம். சுயமரியாதைத் திருமணமா பண்ணிடலாம்மா. ரெண்டு பேரும் யாருக்கும் பொய் சொல்ல வாணாம். நீங்க வந்து மேடைல வாழ்த்திப் பேசணும். சாமி பேரு மட்டும் எடுக்காதீங்க, எங்க ஆளுங்க கீறாங்க. வருவீங்களா?"

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டேனியலும் கயல்விழியும் சந்தோஷத்தில் குதித்தார்கள். எஸ்தரம்மா மட்டும் ஜெபம் இல்லாத கல்யாணத்துக்குக் கால் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அம்மா இல்லாமல் எப்படி என்று டேனியல் கலங்கிப்போனான். நான் மறுநாள் காலையில் யார்டு வாசலுக்குப் போனேன். எஸ்தரம்மா என்னைப் பார்க்காத மாதிரி டிரைவர்களுக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எஸ்தரம்மா, உங்களுக்காகப் பொய் சொல்லக்கூட அந்தப் பொண்ணு தயாரா இருந்தா. அவ்ளோ பாசம் உங்க மேல. உங்க பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நடிக்கிற மருமக வேணுமா, கண்ணைத் திறந்துக்கிட்டு ‘எனக்குப் புரியல அத்தை’ன்னு கேக்குற மருமக வேணுமா?"

அவர் இட்லிப் பானையைத் திறந்தார். ஒரு தட்டில் இட்லி வைத்து, சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றி, என் பக்கம் தள்ளினார்.

"சாப்டுங்க. கோவம் கோவம்தான். இட்லி வேற."

கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில். நான் போனபோது ஒரு பக்கம் முழுக்கக் கருப்புச் சட்டைகள். இன்னொரு பக்கம் எங்கள் சபையார், என்ன நடக்கப்போகிறதோ என்ற முகத்தோடு. கடைசி வரிசையில் பெண்கள் ஐக்கியம் மொத்தமும் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் எஸ்தரம்மா. வந்துவிட்டார்! ஆனால் மேடைக்கு வர மறுத்துவிட்டார். மடியில் பைபிள் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

என்னைப் பேச அழைத்தார்கள். நண்பர்களே, மைக் முன்னால் நின்ற அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கடவுள் பெயரைச் சொல்லாமலே, அன்பைப் பற்றி ஒரு வேதவசனத்தைச் சொந்தப் பேச்சுபோலச் சொருகிவிடலாம். சபையார் புரிந்துகொள்வார்கள். கருப்புச் சட்டைக்காரர்களுக்குத் தெரியாது. எஸ்தரம்மாவும் சமாதானமாகிவிடுவார். நுனிநாக்குவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். மகளைப் பொய் சொல்ல விடாத நான், அப்பாவிடம் சாமர்த்தியம் காட்டலாமா?

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பாஸ்டர். நான் கும்பிடுறவர் பேரை இந்த மேடையில சொல்றதில்லைன்னு அறிவழகன் அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதனால சொல்லல. ஆனா நம்பிக்கை இல்லாத ஆள் மாதிரி நடிக்கவும் மாட்டேன். எனக்கு நம்பிக்கை இருக்கு. இந்த ரெண்டு பேரும் நல்லா வாழணும்னு நான் கேக்குற இடம் எதுன்னு உங்களுக்கே தெரியும்."

பிறகு பெண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு பொய் சொல்லியிருந்தா இந்தப் பொண்ணுக்கு எல்லாமே சுலபமா முடிஞ்சிருக்கும். கேட்டப்ப உண்மையைச் சொன்னா. டேனியல், நாளைக்கு நீ சாம்பார் வெச்சிட்டு, எப்படி இருக்குன்னு இவளைக் கேப்ப. உண்மையத்தான் சொல்லுவா. தைரியம் இருந்தா மட்டும் கேளுப்பா."

முதலில் சிரித்தது கருப்புச் சட்டைகள் பக்கம். பிறகு மண்டபமே சிரித்தது. இருவரும் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். கைதட்டல் அடங்கும்போது கடைசி வரிசையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

எஸ்தரம்மா எழுந்து மேடையை நோக்கி நடந்து வந்தார். டேனியலின் முகம் வெளுத்தது. அறிவழகன் முட்டியைப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி எதிரே போய் நின்றார்.

"அண்ணே," என்றார் எஸ்தரம்மா. அந்தக் குரலில் அவ்வளவு தணிவை நான் கேட்டதே இல்லை. "எனக்கு ஜெபம் பண்ணாம புள்ளைங்க தலைல கை வெக்கத் தெரியாது. வேற மாதிரி வராது. சத்தமில்லாம வாய்க்குள்ளயே பண்ணிக்கிறேன். பரவால்லியா?"

அறிவழகன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மேடையேறி மைக்கை வாங்கினார்.

"தோழர்களே, சம்பந்தியம்மா மகனையும் மருமகளையும் வாழ்த்தணும்ன்றாங்க. அவுங்களுக்குத் தெரிஞ்ச மொழி ஜெபம். அந்தம்மா வாய்க்குள்ள ஏன் பேசணும்? ஒருத்தர் நம்புறதச் சொல்லக்கூடாதுன்னா அதுக்குப் பேரு சுயமரியாதையா? சத்தமாவே பண்ணட்டும். நம்பாதவங்க நாம மரியாதையா உக்காந்து கேப்போம்." பிறகு எஸ்தரம்மாவிடம் மைக்கை நீட்டினார். "இந்தாங்க."

"அது வாணாம்ண்ணே," என்றார் எஸ்தரம்மா.

இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். வழக்கமான கனத்த குரல், ஆனால் நடுங்கியது. டேனியலின் அப்பா இதைப் பார்க்க இல்லையே என்று அழுதார். பெண்ணை வளர்த்துத் தந்த அண்ணனுக்காக நன்றி சொன்னார். அவருடைய முட்டி வலியைக் குணமாக்கும்படி, எந்த முட்டி என்பதையும் குறிப்பிட்டு, வேண்டிக்கொண்டார். கயல்விழி கண்ணை மூடவில்லை. எஸ்தரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபம் முடிந்தது. எங்கள் பக்கம் ‘ஆமென்’ என்றார்கள். கருப்புச் சட்டைக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் பேசி முடித்தால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மொத்த வரிசையும் பலமாகக் கை தட்டியது.

ஜெபத்துக்குக் கைதட்டல் வாங்கி எஸ்தரம்மாவுக்குப் பழக்கமில்லை. முகம் சிவந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "தாங்க்ஸ்" என்றார். பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பில் மேடைப் பூவெல்லாம் உதிர்ந்திருக்கும். பந்தியில் சபைச் செயலாளர் ஒரு கருப்புச் சட்டைக்காரருக்குப் பிரியாணியோடு தயிர்ப் பச்சடி எடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். மேலிடத்துக்கு அவர் எழுதவேயில்லை.

கயல்விழி இன்றுவரை ஞானஸ்நானம் பெறவில்லை. சில ஞாயிறுகளில் அத்தையோடு வந்து உட்காருவாள். கண்ணைத் திறந்தபடி இருப்பாள். நான் அங்கே இருந்தவரை, ஆராதனை முடிந்ததும் கேள்வியோடு என்னைத் தேடி வருவாள். சிலவற்றுக்குப் பதில் சொன்னேன். சிலவற்றுக்கு எனக்கும் தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொன்ன நாட்களில்தான் அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அது என் வேலை இல்லை.

அறிவழகனும் மாறவில்லை. என் பிரிவுபசார ஆராதனைக்கு அதே கருப்புச் சட்டையில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. யாரோ திரும்பிப் பார்த்ததற்கு, பக்கத்திலிருந்த எஸ்தரம்மா, "அவுருக்கு முட்டி வலி. நீ பாட்டப் பாரு," என்று அதட்டினார். வெளியே வந்ததும் அறிவழகன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறீங்க. உங்க இடத்துக்கு வர்றவங்க எப்டி? எங்கிட்ட பேசுவாங்களா?"

"பேசுவாங்க. நான் சொல்லிவெக்கிறேன்."

"வந்து சேந்ததும் வூட்டுக்கு அனுப்புங்க. சண்டை போட எனக்கு நெறைய விசயம் கீது. வாதத்துல யாரு தோத்தாலும் சாப்பாடு உண்டுன்னு சொல்லிடுங்க."

எர்ணாவூருக்குப் போகப்போவது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி, சொல்லிவிட்டேன். பசியோடு போங்கள்.